வாளித் தண்ணீரும் மேப்பிள் பலகையும்

ரொறன்ரோவிலிருந்து மேற்கே இருநூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகச் சாலைவழி போனால், ஹியூரன் ஏரிக்கரையில் கோடரிச் என்ற சிறு நகரம் வரும். 1866இல் அங்கே பெற்றோலியம் தேடித் துளையிட்டார்கள். அகப்பட்டது உப்பு. இன்று ஏரியின் அடியில், ஏறத்தாழ 550 மீற்றர் ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இயங்குகிறது. 1959 முதல் அதில் பாறையுப்பு வெட்டுகிறார்கள். ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன், சைலூரியன் காலத்தில், இந்த நிலப்பரப்பை மூடிக் கிடந்த ஆழமற்ற வெப்பக் கடல் வற்றியபோது படிந்த உப்பு அது. அப்போது பூமியில் மரங்களே தோன்றியிருக்கவில்லை. அந்தக் காலத்து உப்புத்தான் இப்போது நம் வீட்டு மரப்பலகையின் மேல் வெள்ளைத் திட்டாகக் கிடக்கிறது.

ஒன்ராறியோவின் வீதிகளுக்குக் கோடரிச்சிலிருந்தும், வின்ட்சர் நகருக்கு அடியிலுள்ள சுரங்கத்திலிருந்தும் உப்பு வருகிறது. ரொறன்ரோ மாநகரம் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 130,000 தொன் தூவுகிறது. கடைக்காரர்களும் கொண்டோ நிர்வாகங்களும் வாகனத் தரிப்பிடக்காரர்களும் கொட்டுவது இதில் சேராது. டிசம்பர் முதல் மார்ச் வரை இந்த நகரத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வாசலில் ஒரு சிறு உப்பளம் காணலாம். தரையைப் பராமரிப்பது பற்றி எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் எந்தத் திரவத்தை வாங்குவது என்பதில் தொடங்குகின்றன. ரொறன்ரோவில் அதை உப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். உப்பைக் கரைக்க நாம் ஊற்றும் தண்ணீர், அதற்குள் நாம் கலக்கும் பொருள், அதை வாங்கிக்கொள்ளும் தரை எதனால் ஆனது என்பது, இந்த மூன்றும் சேர்ந்துதான் தரையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

சப்பாத்தோடு வாசலுக்குள் வருவது உப்பு மட்டுமல்ல. வீதியில் தூவிய மணல், பனிநீர், வாகன எண்ணெயின் மசி எல்லாம் கூடவே வருகின்றன. இவற்றில் கீறுவது எது, கரைப்பது எது என்று பிரித்தறிவது நல்லது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் உப்புக்கு 2.5க்கு மேல் கிடையாது. மாபிளுக்கு 3. மணலிலுள்ள குவார்ட்ஸுக்கு 7. ஆகவே உப்புப் பரல் மாபிளைக்கூடக் கீறாது, கீறுவதெல்லாம் மணல்தான். ஈரத்துணியை எடுப்பதற்கு முன் உலர்ந்த தரையிலிருந்து மணலை அகற்றிவிட வேண்டும். அதை விளக்குமாற்றால் கூட்டி இழுப்பதைவிட வக்யூமால் உறிஞ்சுவது மேல். மரத்தரையில் வக்யூமின் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு உறிஞ்ச வேண்டும்.

உப்பின் வேலை வேறு. அது தண்ணீரோடு சேர்ந்து நகரும். சோடியம் குளோரைட் காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானே நீரை இழுத்துக் கரையும். குளிர்கால வீட்டுக்குள் அது உலர்ந்த வெள்ளைப் பொடியாகவே இருக்கும். கல்சியம் குளோரைட் அப்படியல்ல. கடும் குளிரிலும் பனியை உருக்கும் என்று வீட்டு வாசலுக்கு வாங்கும் பைகளில் பல இந்த உப்பையோ மக்னீசியம் குளோரைட்டையோ கொண்டவை. இவை சுமார் 30 சதவீத ஈரப்பதனிலேயே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே எவ்வளவு துடைத்தாலும் வழுவழுப்பாக, எண்ணெய் தடவியதுபோல் ஒரு படலம் காயாமல் நிற்கும். உங்கள் வாசலில் வெள்ளைப் பொடியா, காயாத வழுவழுப்பா என்று பார்த்தாலே எந்த உப்பு வந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்த வழுவழுப்பின் மேல் உண்மையான சவர்க்காரத்தைப் போட்டால் நிலைமை மோசமாகும். சவர்க்காரத்திலுள்ள கொழுப்பமிலம் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். ரொறன்ரோவுக்கு ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் குழாய்நீரிலேயே லீற்றருக்குச் சுமார் 120 மில்லிகிராம் அளவுக்குக் கடினத்தன்மை உண்டு. வாசலில் கிடக்கும் கல்சிய, மக்னீசிய உப்புகள் அதை இன்னும் கூட்டுகின்றன. மரத்துக்கு நல்லது என்று விற்கப்படும் எண்ணெய்ச் சவர்க்காரங்கள் சில வீடுகளில் மங்கலை விட்டுச் செல்வதற்கு இது ஒரு காரணம். தரைக்கென்றே செய்யப்பட்ட, சவர்க்காரமல்லாத, காரமும் அமிலமும் இல்லாத நடுநிலைத் திரவம் இந்த வலையில் விழாது.

வினாகிரியைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன்: உப்புக் கறைக்கு அது தேவையில்லை. ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 360 கிராம் உப்புக் கரையும். வாசலில் கிடக்கும் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைக்க வெதுவெதுப்பான வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். ஒருமுறை துடைத்து, துணியை அலசி, மறுபடி துடைக்க வேண்டும். அலசாத துணி உப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரப்புவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. வினாகிரிக்கு வேலை இருப்பது சுண்ணாம்புப் படிவில்தான். பீங்கான் டைல்ஸில் அத்தகைய படிவு இருந்தால் நீர்த்த வினாகிரி உதவும். கல்லில் அது பெரும் கேடு.

ரொறன்ரோ யூனியன் ஸ்டேஷனின் பெரு மண்டபத்தில் நின்று கீழே பாருங்கள். 1927 ஆகஸ்ட் 6ஆம் திகதி வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த கட்டடம் அது. தரையில் மீன்முள் வடிவில் பதித்திருப்பது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கல். வணிகர்கள் அதை மாபிள் என்பார்கள். புவியியலாளர்களுக்கு அது சுண்ணாம்புக்கல். இரண்டும் கல்சியம் காபனேற்தான். ஏறத்தாழ நூறு குளிர்காலங்களின் சப்பாத்துகளை அது தாங்கியிருக்கிறது. ஆனால் அதன் மேல் ஒரு தேக்கரண்டி வினாகிரியை ஊற்றினால் அசற்றிக் அமிலம் கல்லைக் கரைத்துக் காபனீரொக்சைட்டை வெளியேற்றும். மினுமினுப்பு போய் அந்த இடம் மங்கும். எலுமிச்சைச் சாறும் தக்காளிச் சாறும் புளிக்கரைசலும் செய்வது இதையே. சமையலறையில் மாபிள் பதித்த தமிழ் வீடுகளில் அடுப்படிக்கு முன்னால் மட்டும் தரை மங்கியிருப்பதைப் பார்க்கலாம். அது அழுக்கு அல்ல. அமிலம் தின்ற தழும்பு. எந்தத் திரவமும் அதைத் திருப்பித் தராது. கல்லை மறுபடி மெருகிடத்தான் வேண்டும்.

கல்லுக்கு உப்பும் தன் வழியில் தீங்கு செய்யும். நுண்துளையுள்ள கல்லுக்குள்ளும், டைல்ஸ் இடுக்குகளிலுள்ள சீமெந்துப் பூச்சுக்குள்ளும் உப்புநீர் இறங்கி, பிறகு நீர் மட்டும் ஆவியாகும். உள்ளேயே படிகம் வளரும். வளரும் படிகம் துளையின் சுவரைத் தள்ளும். குளிர்காலம் தோறும் இது நடந்தால் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிரும். வாசலோரத்துக் கல் மட்டும் மற்ற இடங்களைவிட முதலில் பழுதாவது இதனால்தான். வாசலில் தடித்த நார் விரிப்பு ஒன்று வெளியிலும், நீரை உறிஞ்சும் விரிப்பு ஒன்று உள்ளேயும், சப்பாத்துகளை வைக்க விளிம்புள்ள தட்டு ஒன்றும் இருந்தால் இந்தக் கதையின் பெரும்பகுதி தொடங்காமலே போய்விடும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் நம் வழக்கம் இந்த நாட்டின் குளிர்காலத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. இதை நாம் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

துடைத்த நீரோடு உப்பு எங்கே போகிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கழிவுநீர் நிலையங்களின் வழக்கமான சுத்திகரிப்பு குளோரைட்டை நீக்குவதில்லை. அது ஏரிக்கே போகிறது. வீதியில் கரைந்தது ஓடைகளுக்குப் போகிறது. நன்னீர் உயிர்களுக்கு நீண்டகால அளவில் லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட், குறுகிய கால அளவில் 640 மில்லிகிராம் என்று கனடா வழிகாட்டி வரம்பு வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் இந்நகரத்து ஓடைகள் இவற்றைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. 2001இலேயே கனடிய அரசின் மதிப்பீடு வீதி உப்பைச் சூழலுக்கு நச்சான பொருள் என்று முடிவுசெய்தது. வாசல்படியில் கைநிறைய அள்ளி வீசுவதற்கு முன், பனியை முதலில் சவளால் அள்ளிவிட்டால் உப்புப் பாதி மிஞ்சும். கூடத்துத் தரைக்கும் அது நல்லது.

இனி மரம். ரொறன்ரோவின் வீடுகளில் அதிகம் காண்பதும், நம்மவர்கள் அதிகம் கெடுப்பதும் இதைத்தான். கெடுப்பதற்குக் காரணம் அசட்டை அல்ல; அளவு மிஞ்சிய சுத்தம்.

யாழ்ப்பாணத்து வீட்டின் சீமெந்து நிலத்தை நினைத்துப் பாருங்கள். சிவப்புச் சாயம் கலந்து பூசி, கரண்டியால் தேய்த்து மெருகேற்றிய நிலம். விசேஷத்துக்கு முதல்நாள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தும்புத்தடியால் தேய்த்து, வாசல்வழி வழித்துத் தள்ளுவோம். காய்ந்த பின் மெழுகு பூசித் தென்னம்பொச்சால் தேய்த்தால் முகம் தெரியும். அந்த நிலத்துக்கு அது மிகச் சரியான பராமரிப்பு. சீமெந்து தண்ணீரோடு வினைபுரிந்து இறுகியது. நீர் பட்டால் அது கரையாது, கண்ணுக்குத் தெரிய வீங்காது. நாள்பட நாள்பட இன்னும் வலுக்கும். செட்டிநாட்டு ஆத்தங்குடிச் சீமெந்து டைல்ஸ் தரைக்கும் இது பெருமளவு பொருந்தும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவதே சுத்தம் என்ற எண்ணம் இப்படிப்பட்ட தரைகளின் மேல் வளர்ந்தது. அந்த எண்ணத்தை ஸ்காபரோவின் ஓக் பலகை மேல் கொண்டுவந்து வைத்தால் பலகை தாங்காது.

மரம், நுண்குழாய்களைக் கத்தையாகக் கட்டி வைத்த வைக்கோல் கட்டு போன்றது. குழாய்ச் சுவர்களிலுள்ள செல்லுலோசு நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு பருக்கும்; விட்டுவிட்டால் மெலியும். வெட்டி, உலர்த்தி, வார்னிஷ் பூசி, நூறு ஆண்டு நடந்த பலகையும் இதை நிறுத்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தை அது சரிசெய்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதன் 30 சதவீதமானால் மரத்தின் ஈரம் அதன் எடையில் ஏறத்தாழ 6 சதவீதத்தில் நிலைகொள்ளும்; 55 சதவீதமானால் ஏறத்தாழ 10.

ரொறன்ரோவில் இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுதோறும் நடக்கிறது. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை குளிரில் ஒரு கனமீற்றர் காற்று தாங்கக்கூடிய நீராவி 2 கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதே காற்றை வீட்டுக்குள் எடுத்து 21 பாகைக்குச் சூடாக்கினால் அதன் கொள்ளளவு 18 கிராமாகிவிடும். உள்ளே இருப்பதோ பழைய 2 கிராம். ஆகவே ஈரப்பதன் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிடும். சமையலும் குளியலும் நம் மூச்சும் அதைச் சற்று உயர்த்தும். ஆனாலும் உதடு வெடிக்கும், கதவுப்பிடியைத் தொட்டால் மின்பொறி தெறிக்கும். ஜூலையில் நிலைமை தலைகீழ்: வெளியிலிருந்து வரும் காற்றே ஈரத்தோடு வரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இங்குள்ள பழைய வீடுகளில் பதித்த சிவப்பு ஓக் பலகையின் வழக்கமான அகலம் 57 மில்லிமீற்றர். சாதாரணமாக அறுத்த ஓக், தன் ஈரத்தில் ஒரு சதவீதம் மாறும்போது அகலத்தில் 0.37 சதவீதம் மாறும். கோடைக்கும் குளிருக்கும் இடையில் ஈரம் 4 சதவீதம் மாறினால் ஒவ்வொரு பலகையும் ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் சுருங்கும். நான்கு மீற்றர் அகல அறையில் எழுபது பலகைகள். கூட்டினால் ஆறு சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும். ஆணிகள் பிடித்துவைப்பதால் இவ்வளவும் வெளியே தெரியாது. ஆனாலும் ஜனவரியில் பலகைகளுக்கிடையே நாணயம் நுழையும் இடைவெளிகள் தெரிந்தால் அது கட்டியவரின் குற்றமல்ல. நீளவாட்டில் மரம் இப்படி மாறுவதேயில்லை என்று சொல்லிவிடலாம். அடிமரத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கி, ஆரவாக்கில் அறுத்த பலகை பாதிக்கும் குறைவாகவே மாறும். அதன் விலை கூடுதலாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல. மேப்பிள் ஓக்கைவிடக் கடினமானது, கூடைப்பந்து அரங்குகளுக்கு அதைத்தான் பதிக்கிறார்கள். ஆனால் ஈரத்துக்கு ஏறத்தாழ ஓக்கைப் போலவே அதுவும் அசையும். கடினமான மரம் என்பதால் தண்ணீரைத் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். தைப்பொங்கல் ஜனவரி நடுவில் வருகிறது. கனடாவில் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடப்படும் மாதம் அது. பொங்கலுக்கு வீடு கழுவ வேண்டும் என்று நம் கை தானாக வாளியைத் தேடும். வீட்டுக் காற்று ஆண்டிலேயே மிக உலர்ந்திருப்பதும், பலகைகள் மிகச் சுருங்கியிருப்பதும், இடைவெளிகள் அகலத் திறந்திருப்பதும் அந்த வாரங்களில்தான். அப்போது ஊற்றும் நீர் மேலே நிற்காது. இடைவெளி வழியே இறங்கி, வார்னிஷ் பூசாத அடிப்பக்கத்தை நனைக்கும். அடிப்பக்கம் பருத்து மேற்பக்கம் உலர்ந்தே இருந்தால் பலகையின் விளிம்புகள் உயர்ந்து நடு குழியும். இதைக் கண்டு பயந்து உடனே இழைக்கும் இயந்திரத்தை வரவழைத்து விளிம்புகளைச் சீவிவிடுவார்கள் சிலர். சில மாதங்களில் அடியும் காய்ந்து மரம் தன் நிலைக்குத் திரும்பும்போது, சீவிய விளிம்பு தாழ்ந்து நடு மேடாகிவிடும். குழிந்த பலகைக்கு முதல் மருந்து பொறுமைதான்: நீர் வந்த வழியை அடைத்துவிட்டு, ஒரு பருவமாவது காத்திருப்பது. குளிர்கால இடைவெளிகளை மரப்பசை வைத்து நிரப்புவதும் வீண். கோடையில் பலகை விரியும்போது அந்தப் பசை பிதுங்கி வெளியே வந்துவிடும்.

மரத்தரைக்குப் பொங்கல் துப்புரவு இப்படி இருக்கட்டும்: வக்யூம்; பிறகு, பிழிந்தால் ஒரு துளியும் சொட்டாத மைக்ரோஃபைபர் துணி; துடைத்த இடம் ஓரிரு நிமிடத்தில் தானே உலர வேண்டும். நீராவித் துடைப்பான்கள் எந்த மரத்தரைக்கும் ஆகாது. சூடான ஆவி பூச்சின் நுண்வெடிப்புகளுக்குள் தண்ணீரைவிட வேகமாகப் புகும். வீட்டு ஈரப்பதனைக் காட்டும் சிறு மானி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். 30 முதல் 50 சதவீதம் வரை மரத்துக்கும் நம் மூக்குக்கும் இதமானது. கடும் குளிரில் அதை 30ஐ ஒட்டியே வைத்திருங்கள். கூட்டினால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வடிந்து சட்டங்களில் பூஞ்சணம் பிடிக்கும்.

மரத்தின் மேல் பூசியிருப்பது என்ன என்பதும் முக்கியம். 1960களுக்குப் பிறகு பரவிய பொலியூரிதேன் பூச்சு நீருக்குப் பரவாயில்லை. கபேஜ்டவுன், ரிவர்டேல் போன்ற பழைய பகுதிகளில், இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய வீடுகள் பலவற்றில் ஓக்கின் மேல் பூசியது அரக்கு. இந்தியக் காடுகளில் குசும், புரச மரங்களின் கிளைகளில் அரக்குப்பூச்சி கசியவிடும் பிசினைச் சுரண்டி, உருக்கி, தகடாக்கிக் கப்பலேற்றினார்கள். அது மதுசாரத்தில் கரைந்து இந்தக் குளிர்தேசத்து வீடுகளின் தரையாயிற்று. நம் துணைக்கண்டத்துப் பூச்சியின் உழைப்பின் மேல் நடக்கிறோம் என்பது எனக்கு எப்போதும் வியப்புத் தருகிறது. அரக்குப் பூச்சில் நீர் நின்றால் வெண்மையாகப் பூத்துவிடும்; மதுசாரமும் அமோனியாவும் பட்டால் கரையும். கண்ணில் படாத மூலையில் மருந்துக்கடை மதுசாரம் ஒரு துளி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: இளகி ஒட்டினால் அரக்கு, அசையாதிருந்தால் பெரும்பாலும் பொலியூரிதேன்.

ஓக்கில் இன்னொரு கறை உண்டு. ஈரமான இரும்புப் பூந்தொட்டித் தாங்கியோ, லாடம் அடித்த சப்பாத்தோ நின்ற இடம் கன்னங்கரேலென்று மாறிவிடும். பூஞ்சணம் என்று நினைத்து ப்ளீச் ஊற்றுவார்கள், பயனில்லை. ஓக்கிலுள்ள தனின் இரும்போடு சேர்ந்து மையாகியிருக்கிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை செய்த அதே வினை. இதை வெளுப்பது ஒக்சாலிக் அமிலம். அது நச்சு; கையுறையோடு, சொன்ன அளவில், குழந்தைகள் இல்லாத நேரத்தில் மட்டும் பாவிக்க வேண்டும்.

லமினேட்டைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1970களின் இறுதியில் சுவீடனின் பெர்ஸ்டோர்ப் நிறுவனத்தில் உருவானது. மரத்தூளை அழுத்திய பலகை, அதன் மேல் மரத்தின் படம், அதற்கும் மேல் அலுமினியம் ஒக்சைட் கலந்த பிசின். அலுமினியம் ஒக்சைட்டின் கடினம் 9. மணலுக்கே அது எளிதில் கீறுப்படாது. பலவீனம் எல்லாம் இணைப்பில்தான். அங்கே நீர் இறங்கினால் உள்ளிருக்கும் மரத்தூள் பலகை ஊதும், ஊதியது ஒருபோதும் வற்றாது. மரத்தரைக்குச் சொன்ன துணியே இதற்கும் போதும். மெழுகு பூச வேண்டாம்; ஒட்டுவதற்கு அங்கே இடமில்லை. கார்பெட்டில் உப்புக் காய்ந்திருந்தால் முதலில் உலர உறிஞ்சி, பிறகு வெதுநீர் விட்டு மறுபடி உறிஞ்ச வேண்டும். தேய்த்தால் உப்பு அடிநாருக்குப் போய்விடும்.

மஞ்சள் கறைக்கு வருவோம். நம் வீட்டில் உப்புக்கு அடுத்த எதிரி அதுதான். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே கறிக்குழம்பு சிந்தியதும் அது எண்ணெயோடு சேர்ந்து வைனிலின் நெகிழிக்குள்ளும் டைல்ஸ் இடுக்குக்குள்ளும் ஊறிவிடும். காரம் பட்டால் சிவக்கும். சவர்க்காரம் போட்டதும் கறை சிவப்பாவது அதனால்தான். கறை பெரிதாகிவிட்டது என்று பதறித் தேய்க்க வேண்டாம். நடுநிலைத் திரவத்தால் எண்ணெயை எடுத்துவிட்டு, வெயில் விழும் இடமானால் திரைச்சீலையை விலக்கி வையுங்கள். குர்குமினை ஒளி சிதைக்கும். சில நாட்களில் வெளுத்துவிடும். ப்ளீச்சையும் வினாகிரியையும் ஒரே நாளில் ஒரே தரையில் பாவிக்கவே கூடாது. அவை கலந்தால் குளோரின் வாயு எழும். ப்ளீச்சும் அமோனியாவும் கலந்தாலும் நச்சு வாயுதான். ஜன்னல் மூடிய குளிர்கால வீட்டில் இது உயிருக்கே ஆபத்து.

லினோலியம் இப்போது அருகிவிட்டாலும் பழைய வீடுகளில் இன்னும் கிடக்கிறது. ஆளிவிதை எண்ணெய் காற்றில் உலர்ந்து தோலாகப் படிவதை இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் வால்ட்டன் கவனித்து, 1860களில் அதற்கு உரிமம் பெற்றார். அந்த எண்ணெயில் தக்கைத்தூளும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து சணல் துணிமேல் அழுத்தியது அது. கனடாவில் மொன்றியல் நகரின் டொமினியன் ஒயில்க்ளொத் நிறுவனம் இதைப் பெருமளவில் செய்தது. எண்ணெயால் ஆனது என்பதே அதன் பலவீனம்: அமோனியா, சலவைச்சோடா போன்ற காரங்கள் அந்த எண்ணெயைச் சவர்க்காரமாக்கிக் கரைத்துவிடும். வினாகிரி அழிக்கும் தரை மாபிள் என்றால், காரம் அழிக்கும் தரை லினோலியம். எல்லாத் தரைக்கும் ஏற்ற திரவம் என்று எழுதிய போத்தலை வாங்குமுன் இதை நினைவில் வையுங்கள். விரிப்பை எடுத்ததும் லினோலியம் மஞ்சளித்திருந்தால் பயப்பட வேண்டாம். இருட்டில் மஞ்சளிப்பது அதன் இயல்பு. வெளிச்சம் பட்டால் மாறிவிடும்.

அதன் இடத்தைப் பிடித்த வைனில் தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் அடியில் இறப்பர் ஒட்டிய மிதியடிகளை அதன்மேல் போடக்கூடாது. இறப்பர் கெடாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் மெல்ல வைனிலுக்குள் ஊர்ந்து மஞ்சள்பழுப்புக் கறையாகிவிடும். அது மேலே படிந்த கறை அல்ல, உள்ளேயே நடந்த மாற்றம், எதனாலும் போகாது. குளிர்காலம் முழுவதும் வாசலில் இறப்பர் மிதியடி கிடந்த வீடுகளில் வசந்தத்தில் சதுரமாக ஒரு மஞ்சள் நிழல் தெரிவது இதுதான். நெய்த பருத்தியோ, வைனிலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட அடித்தளமோ கொண்ட விரிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

வைனிலில் எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. 1980களுக்கு முன் கட்டிய வீடுகளின் பேஸ்மென்ட்களில், பழைய அடுக்ககங்களில், ஒன்பது அங்குலச் சதுர டைல்ஸ் பதித்திருப்பதைக் காணலாம். கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். வலுவுக்காகவும் தீத்தடுப்புக்காகவும் அவற்றில் பலவற்றில் ஆஸ்பெஸ்ரஸ் நார் கலந்திருக்கும், பசையிலும் இருக்கலாம். கனடா நெடுங்காலம் உலகுக்கே ஆஸ்பெஸ்ரஸ் விற்ற நாடு. கியூபெக்கில் அந்தக் கனிமத்தின் பெயரையே தாங்கியிருந்த நகரம் 2020இல்தான் வால்-டே-சூர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆஸ்பெஸ்ரஸைத் தடைசெய்யும் விதிகள் 2018 டிசம்பர் 30ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன. ஏற்கெனவே பதித்த தரைகள் அப்படியே இருக்கின்றன.

புதிதாக வந்த நம்மவர்கள் பலர் முதலில் குடியேறியது பேஸ்மென்ட்களில்தான். இன்றும் மாணவர்களும் இளம் குடும்பங்களும் அங்கேதான் தொடங்குகிறார்கள். உடையாமல், பெயராமல் இருக்கும் இந்த டைல்ஸால் ஆபத்தில்லை. நார் பிளாஸ்ரிக்கில் சிறைப்பட்டிருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாம், மெழுகு பூசலாம். உலர்ந்த இயந்திரத் தூரிகையால் தேய்க்கவும், உப்புத்தாள் போடவும், உளியால் பெயர்க்கவும் கூடாது. அப்போதுதான் நார் காற்றில் கலந்து நுரையீரலில் இறங்கும். அதன் விளைவு தெரிய இருபது முப்பது ஆண்டுகள் ஆகலாம். புதுத்தரை போட விரும்பினால் பழையதைப் பெயர்க்காமல் அதன் மேலேயே போடுவது பல வேளைகளில் பாதுகாப்பான வழி. பெயர்த்தே ஆக வேண்டும் என்றால் முதலில் மாதிரியை ஆய்வுகூடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் கட்டடப் பணிகளில் ஆஸ்பெஸ்ரஸைக் கையாள 278/05 என்ற ஒழுங்குவிதி இருக்கிறது. அதை அறிந்த ஒப்பந்தக்காரரை மட்டும் வேலைக்கு அழையுங்கள். செலவு மிச்சம் என்று வார இறுதியில் நண்பர்கள் கூடிப் பெயர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சோதனை முடிவு கைக்கு வரும்வரை அந்தத் தரையில் உளி படவே வேண்டாம்.